மரம் தாங்கட்டுமா, தூண் தாங்கட்டுமா? பிள்ளைகளின் மரவீட்டுக்கு எது பொருந்தும்

மரவீடு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். கடற்கொள்ளையர் கப்பல், கொத்தளம் வைத்த கோட்டை, சிவப்பு மூக்கு ராக்கெட். பிள்ளைக்கு அந்தப் படம் பிடித்துப்போனால் மரம், தூண், போல்ட் எல்லாமே அதற்கு ஏற்ப வளைக்கப்படுகின்றன. வேலை கெடுவது அங்கேதான். தளம் 12, 15 ஆண்டுகள் நிற்க வேண்டியது. கப்பல் மீதுள்ள ஆசை மூன்று நான்கு ஆண்டு தாங்கினால் பெரிது. ஆகவே எடையை எது சுமக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அலங்காரம் அதன்மேல் போட்டுக் கழற்றும் சட்டை மட்டுமே.

எடை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் தளம், அதாவது 5 சதுர மீட்டர். வீட்டுத் தளங்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. அப்படியானால் 1,000 கிலோ. பலகை, சட்டங்கள், கிராதி, பாதி உயரச் சுவர், லேசான கூரை எல்லாம் சேர்த்து இன்னொரு 350 முதல் 400 கிலோ. ஆக 1.4 டன். நாலு பிள்ளைகள் ஏறி விளையாட இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒரே மூலைக்கு ஓடிக் குதிக்கிறபோது அந்த மூலையின் இணைப்புக்குத்தான் இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

மரத்தைப் பார்ப்பது

மரம் தாங்க வேண்டுமென்றால், போல்ட் போடும் உயரத்தில் அடிமரம் குறைந்தது 30 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். ஒற்றை மரமே முழுத் தளத்தையும் சுமப்பதானால் 40 செ.மீ. இருந்தால் நிம்மதி. பருமன் மட்டும் போதாது. முருங்கை பருத்தாலும் தூணாகாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்: சீக்கிரம் பெருத்து எளிதில் முறிகிற மரங்களும், முன்னறிவிப்பின்றிக் கிளை உதிர்க்கும் யூகலிப்டஸ் வகைகளும் வேண்டாம். தென்னை, பனை போன்றவற்றில் பட்டைக்கு அடியில் சுற்றிலும் புதுத் திசு வளர்க்கும் கேம்பியம் அடுக்கே கிடையாது. போட்ட துளை ஒருபோதும் மூடாது. வைரம் பாயும் மரங்களான ஓக், புளி, முதிர்ந்த மா போன்றவை நல்ல தேர்வு.

அடிமரத்தில் தட்டு போன்ற காளான், தட்டினால் பொள்ளல் ஓசை, உச்சியில் காய்ந்த கொப்புகள், சாய்ந்த பக்கத்துக்கு எதிரே மண்ணில் வெடிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மரம் சுமைக்கு ஆகாது. கவையில் தளம் வைக்க ஆசைப்படுபவர்கள் கவையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். அகலமாக விரிந்த கவை பலமானது. ஒடுங்கி இறங்கும் கவையில் இரண்டு கிளைகளுக்கு நடுவே பட்டை மடிந்து உள்ளே சிக்கியிருக்கும். மரத்தோடு மரம் சேர்ந்திருக்காது. சுமை ஏறினால் அது பிளக்கும்.

ஒற்றை மரம்: போல்ட்டா, பட்டையா, கயிறா

மரத்தைத் துளைக்கக் கூடாது என்று நினைத்துச் சங்கிலி, கம்பி வடம், இறுக்கும் பட்டை எனச் சுற்றிக் கட்டுபவர்கள் நிறைய. மரத்தின் மீது உள்ள பரிவுதான், ஆனால் மரத்துக்கு அதுதான் கேடு. நீரையும் உணவையும் கடத்தும் உயிருள்ள பகுதி பட்டையை ஒட்டிய மெல்லிய வளையம். உள்ளே இருக்கும் வைரப் பகுதி உயிரற்ற தாங்குதூண். சுற்றிக் கட்டிய எதுவும் அந்த வளையத்தை முழுச் சுற்றிலும் நெரிக்கிறது. மரம் ஆண்டுக்கு 1 செ.மீ. விட்டம் பருத்தாலே போதும், இரண்டு மூன்று ஆண்டுகளில் சுற்றிய கட்டு மரத்தின் சதைக்குள் புதையும். ஒரு போல்ட் துளையோ சுற்றளவில் சில சென்டிமீட்டரை மட்டும் தொடுகிறது. உராய்வுப் பிடியில் நிற்கும் இறுக்குப் பட்டைகளை வாங்கினால் ஆண்டுதோறும் தளர்த்தி மாற்ற வேண்டும். தளர்த்தும்போது தளத்தை யார் தாங்குவது என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

துளை மரத்தை ஏன் கொல்வதில்லை என்பதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ. ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970களில் அவர் சொன்னது இது: மரம் புண்ணை ஆற்றுவதில்லை, புண்ணைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. பல சிறு ஆணிகளைவிட ஒரு பெரிய போல்ட் மேல். இரண்டு போல்ட்டுகள் ஒரே நெடுக்குக் கோட்டில் 45 செ.மீ.க்கும் நெருக்கமாக வரக் கூடாது. நெருங்கினால் இரண்டு அடைப்புகளும் ஒன்றாகி, நடுவில் உள்ள மரம் முழுதும் செத்து, போல்ட் நிற்கிற இடமே மெத்தென்று ஆகிவிடும். மூன்றாவது, ஒருமுறை போட்டதைப் பிடுங்கி வேறிடத்தில் போட்டு விளையாடக் கூடாது.

எந்த போல்ட்? மரவீடுகளுக்கென்றே உருவானது கழுத்துப்பட்டை போல்ட். 1990களில் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் மரவீடு கட்டுபவர்கள் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 32 மி.மீ. தண்டு, நடுவே 75 மி.மீ. அகலக் கழுத்து. கழுத்து மரத்துக்குள் இறங்கி உட்காருவதால் சுமை பரந்த பரப்பில் விழுகிறது; தண்டின் வெளிமுனை நீண்டிருப்பதால் உத்திரத்துக்கும் பட்டைக்கும் இடையே மரம் வளர இடம் கிடைக்கிறது. இதற்கு இரண்டு அளவில் துளைக்கும் தனி டிரில் முனை தேவை. கையால் திருக முடியாது, நீண்ட கம்பியை ஸ்பேனரில் மாட்டித்தான் ஏற்ற வேண்டும். தரையிலிருந்து 2 மீட்டருக்குள் சிறிய தளம் என்றால் 20 மி.மீ. தடிமன், 20 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள கோச் ஸ்க்ரூக்களும் (ஸ்பேனரால் திருகும் கனத்த மரத் திருகுகள்) போதும். கெட்டி மரத்தில் 20 மி.மீ. ஸ்க்ரூவின் மரைப் பகுதிக்கு 14 மி.மீ. துளை. துளை சிறுத்தால் ஸ்க்ரூவின் தலை முறியும். பெருத்தால் மரை பிடிக்காது. உத்திரத்தைப் பட்டையோடு ஒட்டி இறுக்காமல், நடுவில் கனத்த வாஷர்களை அடுக்கி 4, 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஆண்டுக்கு 1 செ.மீ. பருக்கும் மரம் 10 ஆண்டில் ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. வெளியே வரும், இடைவெளி இல்லாவிட்டால் அது உத்திரத்தைத் தள்ளி ஸ்க்ரூவைப் பிடுங்கும்.

கட்டமைப்பு எளியது: அடிமரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு உத்திரம், அவற்றின்மேல் 50 × 150 மி.மீ. குறுக்குச் சட்டங்கள் 40 செ.மீ.க்கு ஒன்று, நான்கு மூலைகளிலிருந்தும் அடிமரத்துக்கு இறங்கும் சாய்முட்டுகள். முட்டு 45 பாகையில் இருக்கட்டும். தளம் அடிமரத்திலிருந்து 1.2 மீட்டர் நீண்டால் முட்டு 1.2 மீட்டர் கீழே போய்ச் சேரும், அதன் நீளம் 1.7 மீட்டர். இடம் போதவில்லை என்று முட்டைப் படுக்கவைத்தால் மேல் இணைப்பில் இழுவிசை கூடும். போல்ட்டுகள் எந்த உயரத்தில் போட்டோமோ அதே உயரத்தில்தான் எப்போதும் இருக்கும். மரம் உயர்வது நுனியில்தான். தளம் வருடாவருடம் மேலே போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

இரண்டு மரம், மூன்று மரம்

ஒற்றை மரத்தில் எல்லாமே சேர்ந்து அசையும், சிக்கல் இல்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே உத்திரம் போட்டால் காற்றில் இரண்டும் வெவ்வேறு தாளத்தில் ஆடும். உத்திரத்தின் இரு முனையையும் இறுக்கிவிட்டால், பலத்த காற்றடித்த இரவுக்குப் பிறகு ஒன்று போல்ட் வளைந்திருக்கும், அல்லது துளையிலிருந்து மரநார் வாக்கில் உத்திரம் பிளந்திருக்கும். எனவே ஒரு முனை மட்டும் இறுக்கம். மறுமுனை நீள்துளை வைத்த எஃகுத் தகட்டில் வழுக்க வேண்டும். 2 மீட்டர் உயரத்தில் இருபுறமும் 5 செ.மீ. ஓட்டம் போதும், 3, 4 மீட்டரில் 10 செ.மீ. விடுங்கள். வழுக்கும் முனையின் நட்டை யாரோ ஒருவர், தளர்ந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் முறுக்கிவிடுவார். அந்த நட்டுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து வையுங்கள்.

மூன்று மரம் முக்கோணமாக அமைந்தால் ஒன்று இறுக்கம், இரண்டு வழுக்கல். தளம் பெரிதாகக் கிடைக்கும், ஆனால் பிள்ளைகளுக்கான அளவில் அவ்வளவு வேலை தேவைப்படுவது அரிது.

தூண்கள்

நான்கு தூண் நட்டு, மரம் இருந்தால் அதைத் தளத்தின் நடுவே விட்டு, மரத்தைத் தொடாமலே கட்டுவதை அசல் மரவீடாக ஏற்க மாட்டேன் என்பார்கள் சிலர். மேலே ஏறி உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பேதம் தெரியாது. எங்கள் முடிவு இதுதான்: தளத்தைச் சுமக்கப்போகும் ஒற்றை அடிமரம் 40 செ.மீ.க்குக் குறைவு, மரத்தின் ஆரோக்கியத்தில் சந்தேகம், அல்லது கட்டுபவருக்கு மரத்தில் பெரிய போல்ட் போட்ட பழக்கமில்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தூண்தான். மரமே இல்லாத தோட்டத்துக்கும் இதே வழி.

தளம் 1.5 மீட்டர் வரை என்றால் 100 × 100 மி.மீ. மரத் தூண், அதற்கு மேல் 150 × 150. குழி 30 முதல் 40 செ.மீ. அகலம், 60 முதல் 75 செ.மீ. ஆழம், நிலம் உறையும் குளிர்நாடுகளில் உறைமட்டத்துக்கும் கீழே. தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். கான்கிரீட் கிண்ணத்தில் நீர் தேங்கி, காற்றும் ஈரமும் சேரும் தரைமட்டத்தில்தான் மரம் முதலில் இற்றுப்போகும். தூணின் அடியைப் பிடிக்கும் எஃகுக் காலணியைக் கான்கிரீட்டில் பதித்து, தூணின் அடி கான்கிரீட்டுக்கு 25 மி.மீ. மேலே நிற்கட்டும்.

நான்கு தூணும் செங்குத்தாக இருந்துவிட்டால் உறுதி வந்துவிடாது. ரசமட்டம் சரியாகக் காட்டும், பிள்ளைகள் ஏறி ஆடியதும் மொத்தக் கட்டும் சாய்சதுரமாகக் கோணும். ஒவ்வொரு தூணிலும் இரண்டு திசையிலும் 60 செ.மீ. நீள மூலைமுட்டு, அல்லது இரண்டு பக்கங்களில் பெருக்கல்குறி வடிவச் சட்டம் இல்லாமல் இந்த ஆட்டம் நிற்காது.

தூணுக்குக் குழி தோண்டுவதும் மரத்தைப் புண்படுத்தலாம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மரப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் தரநிலை, அடிமர விட்டத்தின் 12 மடங்கு ஆரத்தை வேர்ப்பகுதியாகக் கொள்கிறது. 40 செ.மீ. மரத்துக்கு அது 4.8 மீட்டர், உங்கள் நான்கு குழிகளும் அதற்குள்தான் வரும். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் அரை மீட்டரில் இருப்பதால் எந்திரத்தால் துளைக்காமல் கையால் தோண்டுங்கள். 2.5 செ.மீ.க்குத் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாமல் குழியை அரை அடி நகர்த்துங்கள். குழி நகர்ந்தால் தூண் நகரும், தூண் நகர்ந்தால் உத்திரம் மாறும். எனவே குழி தோண்டி முடித்த பிறகுதான் தூணுக்கும் உத்திரத்துக்கும் மரம் அறுக்க வேண்டும்.

தளத்துக்கு நடுவே மரம் வரும் இடத்தில் ஒரு நுணுக்கம். அடிமரத்தைச் சுற்றி இடைவெளி விட வேண்டும், ஆட்டத்துக்கும் வளர்ச்சிக்கும். ஆனால் 89 மி.மீ. முதல் 229 மி.மீ. வரையுள்ள இடைவெளியில் பிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கும் என்பது விளையாட்டுத்தள பாதுகாப்பு விதிகளின் அடிப்படை. எனவே 5 முதல் 8 செ.மீ. விட்டு, பலகைகளின் அந்த முனைகளைத் தனித் துண்டுகளாகத் திருகி வையுங்கள். மரம் பருக்கும்போது அந்தத் துண்டுகளை மட்டும் கழற்றி அறுத்தால் போதும்.

பாதி மரம், பாதி தூண் என்ற கலப்பும் உண்டு. தளத்தின் ஒரு பக்கம் மரத்தில், எதிர்ப்பக்கம் இரண்டு தூண்களில். செலவும் உழைப்பும் குறையும். மரம் ஆடும், தூண் ஆடாது என்பதால் மரத்துப் பக்கம் வழுக்குத் தகடு கட்டாயம். தூண்கள் தம் காலிலேயே நிற்குமாறு முட்டு கொடுத்திருக்க வேண்டும். மரம் பிடித்துக்கொள்ளும் என்று விட்டால் ஒவ்வொரு காற்றுக்கும் தூண் ஆட்டம் காணும்.

உயரமும் கீழே உள்ள தரையும்

உயரம் கூடக் கூட மரத்தின் ஆட்டமும் விழுந்தால் படும் அடியும் கூடுகின்றன. 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1 மீட்டர் தளமே உயரம்தான். பெரிய பிள்ளைகளுக்கு 1.5 முதல் 2 மீட்டர். பிள்ளைகளின் மரவீட்டுக்கு 3 மீட்டரைத் தாண்ட ஒரு காரணமும் இல்லை.

கிராதி 97 செ.மீ. உயரம், நெடுக்குக் கம்பிகள், இடைவெளி 89 மி.மீ.க்குக் குறைவு. படுக்கைவசக் கம்பிகள் அழகாக இருக்கும், ஏணியாகவும் இருக்கும். அமெரிக்க விளையாட்டுத்தளக் கையேடு விழும் உயரத்தைக் கணக்கிடும்போது அடைப்பு எப்படிப்பட்டது என்று பார்க்கிறது: உடல் நுழைய முடியாத முழு அடைப்பு என்றால் தளம்வரை உள்ள உயரம், இடைவெளி உள்ள வெறும் கைப்பிடி என்றால் அதன் மேல்விளிம்பு வரை.

அதே கையேட்டின்படி, விழுபவரைத் தாங்கத் தரையில் பரப்பும் மரச்செதுக்கு (மரத்துணுக்குகள்) அமுங்கிய நிலையில் 23 செ.மீ. இருந்தால் 3 மீட்டர் வரையான வீழ்ச்சிக்கும், அதே கனமுள்ள மணல் 1.2 மீட்டருக்கும் மட்டுமே தாங்கும். புல்லும் வெறும் மண்ணும் கணக்கில் வராது. நான்கு பக்கமும் 1.8 மீட்டர் பரப்ப வேண்டும். நம் 2 × 2.5 தளத்துக்கு அது 5.6 × 6.1 மீட்டர், 34 சதுர மீட்டர். அமுங்குவதற்கும் சேர்த்து 30 செ.மீ. நிரப்பினால் 10 கன மீட்டர் செதுக்கு. தோட்டத்தில் இவ்வளவு இடம் இல்லையென்றால் தளத்தைச் சிறிதாக்குங்கள் அல்லது தாழ்த்துங்கள். செதுக்கை அடிமரத்தோடு சேர்த்துக் குவித்தால் பட்டை அழுகும். மரத்தைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள்.

கப்பல், கோட்டை, ராக்கெட், குடில்

இப்போதுதான் படத்தைக் கையில் எடுக்கலாம். நான்கையும் அழகை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. சட்டகத்தை என்ன செய்கின்றன, பிள்ளைகள் மேலே என்ன செய்வார்கள் என்று பாருங்கள்.

நான்கில் எங்கள் வாக்கு கப்பலுக்கு. தாழ்ந்து நீண்ட வடிவம், காற்று குறைவாகப் பிடிக்கும். பக்கச் சுவரே 97 செ.மீ. அடைப்பாகிவிடுவதால் தனிக் கிராதி வேண்டாம். மாலுமி, சமையற்காரர், கொள்ளையன் என்று ஐந்தாறு பேருக்கு வேலை இருக்கும். தூணிலும் நிற்கும், இரண்டு மரங்களுக்கு நடுவிலும் பொருந்தும். சிக்கல் முகப்பில். குறுக்குச் சட்டம் தாங்கலுக்கு வெளியே தன் நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீளக் கூடாது என்பது பாதுகாப்பான வரம்பு. 2 மீட்டர் சட்டத்துக்கு 50 செ.மீ. அதைவிடக் கூர்மையான முகப்பு வேண்டுமென்றால் கீழே ஐந்தாவது தூண் வையுங்கள், நங்கூரம் தொங்குவதுபோல மறைத்துவிடலாம். பாய்மரம் தளத்துக்கு மேல் 2 மீட்டர் போதும். தளத்தில் ஒரு பிடி, கீழே சட்டத்தில் ஒரு பிடி என இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் அது நெம்புகோலாகித் தளப்பலகையைக் கிளப்பும். பாய்க்குக் கெட்டித் துணி வேண்டாம், காற்றை விடும் நிழல்வலை போதும். கயிறுகள் இரு முனையிலும் இறுகக் கட்டியவையாக இருக்கட்டும். தளர்ந்து தொங்கும் கயிறும் கண்ணியும் கழுத்தைச் சுற்றும். வெயிலில் பாலிப்ரொப்பிலீன் கயிறு பொடிந்து கையில் குத்தும், பாலியெஸ்டர் நீடிக்கும்.

கோட்டைக்குத் தூண் மட்டுமே. காரணம் காற்று. விநாடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று, அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர், 2 × 2 மீட்டர் சுவர் ஒன்றைச் சுமார் 220 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். நான்கு பக்கமும் அடைத்த கோட்டை அதை முழுதாக வாங்கிக்கொள்ளும். சுவரை 12 மி.மீ. வெளிப்புற பிளைவுட்டில் செய்தால் சதுர மீட்டருக்கு 7 கிலோ சொச்சம். கல் போலக் காட்டச் சிமெண்ட் பூசுவது வேண்டாத சுமை, வண்ணமே போதும். கொத்தளப் பற்களில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: பல்லின் உச்சியை 97 செ.மீ.க்கு வைத்து, இடைப்பள்ளத்தை 60 செ.மீ.யில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை எட்டிப்பார்ப்பது பள்ளத்தின் வழியே. பள்ளத்தின் அடிவிளிம்பு 97 செ.மீ.யில் இருக்கட்டும், பற்கள் அதற்கு மேல் எழட்டும். பள்ளம் 25 செ.மீ.க்குக் குறையாத அகலம், கீழே ஒடுங்காத நேர்வெட்டு. ஒடுங்கும் வெட்டில் கழுத்து மாட்டும்.

ராக்கெட் படத்தில் வெல்லும், பயன்பாட்டில் தோற்கும். 1 மீட்டர் பக்கமுள்ள அறுகோணத் தளம் 2.6 சதுர மீட்டர். இரண்டு பிள்ளைகளோடு நிறைந்துவிடும். நடுவே 40 செ.மீ. மரம் வந்தால் இடைவெளியும் சேர்த்துச் சுற்றிலும் 60 செ.மீ. நடைபாதைதான் மிஞ்சும், ஆகவே மரத்தில் கட்டவே முடியாது. ஆறு மூலைகளிலும் பலகையின் விளிம்பை 30 பாகையில் சீவ வேண்டும். அரைப் பாகை தவறினாலும் ஆறாவது மூலையில் விரல் நுழையும் சந்து. கூம்பு மூக்கு உச்சியில் எடையும் காற்றும் சேர்க்கும், தகரத்தில் செய்தால் வெயிலில் சுடும். ஒரே நல்ல செய்தி: அடியில் வரும் வால்சிறகுகளை 18 மி.மீ. பிளைவுட்டில் வெட்டித் தூணோடு திருகினால் அவையே மூலைமுட்டுகளாகிவிடும்.

காட்டுக் குடில் அல்லது பறவைக்கூடு ஒற்றை மரத்துக்கு இயல்பாக அமையும். வடிவம் கோணலாக இருந்தாலும் குறையாகத் தெரியாது, புதிதாகத் தச்சு செய்பவருக்கு இது பெரிய வசதி. ஓலை, வைக்கோல் கூரை மழையில் ஊறிக் கனக்கும், பூச்சி குடியேறும், தீயும் எளிதில் பற்றும். பலகைக் கூரையின்மேல் மெல்லிய வரிசையாக அலங்காரத்துக்கு மட்டும் போடுங்கள். கூட்டுக்குக் குச்சி பின்னினால் குச்சியின் முனைகள் உட்புறம் நீளாமல், பிள்ளையின் கண் உயரத்தில் வராமல் அறுத்துவிடுங்கள்.

எந்த வடிவமானாலும் அலங்காரப் பலகைகளைத் தூணிலோ உத்திரத்திலோ நேராக அறையாமல், முதலில் 20 × 40 மி.மீ. ரீப்பர் அடித்து அதன்மேல் உட்பக்கத்திலிருந்து திருகுங்கள். ஒரு பலகை 120 × 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம், ஒருவரே தூக்கிக் கழற்றலாம். கப்பலைக் கழற்றிக் கடை ஆக்க ஒரு விடுமுறை நாள் போதும். ரீப்பர் தரும் சந்தில் காற்றோடுவதால் சட்டகமும் ஈரம் காயும். பாதுகாப்பு அடைப்பை மட்டும் அலங்காரத்தோடு சேர்க்காதீர்கள். கப்பலின் பக்கச்சுவர்தான் அடைப்பு என்றால் அதன் உள்பலகை நிரந்தரம், கழற்றுவது வெளித்தோலை.

அலங்காரத்தைவிட அதிகம் புழங்குவது வேலை செய்யும் பொருட்கள். கப்பிக் கூடை, தரைவரை இறங்கும் 40 மி.மீ. பி.வி.சி. பேச்சுக் குழாய், திறந்து மூடும் சன்னல். கப்பி விரல் நுழையாதபடி மூடிய வகையாகவும், கூடை இறங்குமிடம் நடைவழியில் இல்லாமலும் இருக்கட்டும்.

ஏறும் வழி

படிக்கட்டு, ஏணி, சறுக்கு: இதைத் தீர்மானிப்பது தோட்டத்தின் இடம். 1.8 மீட்டர் தளத்துக்கு 35 பாகைப் படிக்கட்டு தரையில் 2.6 மீட்டர் கேட்கும். 65 பாகையில் சாய்ந்த படியேணிக்கு 85 செ.மீ. போதும். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் படியேணி இரண்டுக்கும் நடுவான நல்ல வழி. உருளைப்படி ஏணி என்றால் படிகள் 30 செ.மீ.க்கு ஒன்று, தடிமன் 25 முதல் 38 மி.மீ.; அதைவிடத் தடித்தால் சின்னக் கை முழுதாகப் பிடிக்காது. தளத்தில் ஓட்டை போட்டு உள்ளே ஏறும் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும், ஆனால் மேலே விளையாடுபவர் அதே ஓட்டையில் விழுவார். ஓரத்தில் நுழைவாயில் வைத்து, உட்புறம் திறந்து தானே மூடும் கதவு போடுவதே சரி.

சறுக்கு சராசரியாக 30 பாகையைத் தாண்டக் கூடாது. 1.8 மீட்டர் உயரத்துக்கு 3.1 மீட்டர் ஓட்டம், பிறகு வேகம் தணிய 30 செ.மீ. சமநிலை, அதற்கப்பால் 1.8 மீட்டர் வெற்றிடம். பலரும் கடைசி வெற்றிடத்தை மறந்து வேலிக்கு முன்னால் கொண்டுபோய் முடிக்கிறார்கள். உலோகச் சறுக்கு என்றால் நிழலில்.

மரமும் ஆணியும்

பழைய பச்சை நிறப் பதமரம் (அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரம்) எங்காவது கிடைத்தால் பிள்ளைகள் தொடும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். அதில் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் சேர்ந்த மருந்து இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதன் உற்பத்தி 2003 முடிவோடு நிறுத்தப்பட்டது. இப்போதைய பதமரங்களில் தாமிரம் கூடுதல். அது சாதாரண இரும்பை அரிக்கும், எனவே கனத்த துத்தநாக முலாம் அல்லது ஸ்டெயின்லெஸ் திருகுகள். தளப்பலகை 25 மி.மீ., பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ. ஆணி வேண்டாம், ஆட்டத்தில் தலை கிளம்பி வெறும் காலில் குத்தும்.

கடையில் விற்கும் பெட்டித் தொகுப்புகள் தூண்மேல் நிற்பவை; ஒரு வார இறுதியில் நின்றுவிடும். வாங்குமுன் தூணின் தடிமனையும் கிராதி உயரத்தையும் கையோடு அளவுகோல் வைத்துப் பாருங்கள். நோட்டீசில் உள்ள வண்ணம் இந்த இரண்டையும் மறைத்துவிடும்.

பராமரிப்பும் அகற்றுவதும்

முதல் மாதம் மரம் காய்ந்து சுருங்கும்போது எல்லா நட்டுகளும் தளரும், சிவப்பு வண்ணம் அடித்ததைத் தவிர மற்றவற்றை இறுக்குங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை: அடிமர இடைவெளி, வழுக்குத் தகட்டில் சிக்கிய சருகு, தூணின் அடியில் ஸ்க்ரூடிரைவர் குத்திப் பார்த்தல், செதுக்கின் கனம். பலத்த புயலுக்குப் பின் முதலில் பெரியவர் ஏறிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வளர்ந்து மரவீடு வேண்டாம் என்றாகும்போது தளத்தைப் பிரித்துவிட்டு, மரத்தில் உள்ள போல்ட்டை அப்படியே விடுங்கள். பிடுங்கினால் மரம் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய அடைப்பு உடையும். வெளியே நீட்டிய தண்டைப் பட்டையோடு சேர்த்து அறுத்தால் புது மரம் அதை மூடிக்கொள்ளும். எந்த உயரத்தில், எந்தத் திசையில் போல்ட் புதைந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். 30 ஆண்டு கழித்து அந்த மரத்தில் சங்கிலி ரம்பம் வைப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.